ஆமை ராஜாவின் குரல்

எங்கள் படத்தின் குறைகளை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்வேன், இன்ஸ்பெக்டர் சார். கதை இழுவை. ராஜகுமாரனுக்கு வசனம் வாயில் ஒட்டவில்லை. ஏரிக்கடியில் இருக்கும் அரண்மனை வெறும் தெர்மாகோல் என்பது கடைசி வரிசைக்கும் தெரிகிறது. ஆனால் ஆமை ராஜாவும் அந்தச் சிறுமியும் பேசும் காட்சியில் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆமைப் பொம்மையைச் செய்தவன் நான். அதற்குள் இருந்தது என் கை, அதன் குரல் என் குரல்.

ருக்குவை ஜீவனஹள்ளியிலிருந்து அழைத்துவந்தவர் டைரக்டர் குணசேகர். ஏழு வயது. அவள் அம்மா சரசு, ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்பவள். அப்பா போன வருஷம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்.

பிள்ளைக்கு நல்ல முகம். ஆனால் பொம்மையைப் பார்த்துப் பேச மாட்டாள். மேஜைக்கடியில் குனிந்திருக்கும் என்னையே பார்ப்பாள். எடுத்ததெல்லாம் வீணாயிற்று.

"இது சரிப்பட்டு வராது சிரில்," என்றார் குணசேகர். "ஆமைய கம்ப்யூட்டர்ல பண்ணிக்கலாம். பொண்ணு ஒரு பச்சைத் துணியப் பாத்துப் பேசட்டும்."

ஆமையின் இமைகளை நான் ஆட்டுத்தோலில் செய்திருந்தேன். கம்ப்யூட்டரில் அந்த இமை வராது. அதனால் நிதானமாக யோசித்தேன். காமிரா ஓடாதபோதும் ஆமை உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் ஆமை வந்து உட்கார்ந்தது. நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். முதலில் சிரித்தாள். பிறகு தயிர்சாதத்தில் ஒரு வாய் எடுத்து அதற்கு நீட்டினாள். கொஞ்ச நாளில் அவள் கண்கள் என்னைத் தேடுவதை விட்டுவிட்டன. சிரில் அங்கிள் என்று ஒருவன் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அழுகைதான் வரவில்லை. கிளிசரின் போட்டால் கண்ணைக் கசக்கினாள். ஒருநாள் இடைவேளையில் அவளே ஆமையிடம் கேட்டாள்.

"ஆமை மாமா, செத்துப்போனவங்க உன் அரண்மனைக்கு வருவாங்களா? எங்கப்பா அங்க இருக்காரா?"

நான் காமிராமேனுக்குச் சைகை காட்டினேன். அவர் புரிந்துகொண்டு காமிராவை ஓடவிட்டார்.

"இருக்காரே," என்றது ஆமை. "ருக்கு சாப்ட்டாளான்னு தெனமும் கேக்குறாரு."

படத்தில் இருப்பது அந்த அழுகைதான். குணசேகர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

படப்பிடிப்பு முடிந்த பிறகு சரசு அடிக்கடி போன் செய்தாள். "எந்நேரமும் ஆமை, அப்பான்னு ஒரே பேச்சு சார். சும்னே இருக்க மாட்டேங்குது. அது பொம்மைன்னு நீங்களே சொல்லிடுங்க சார்." சொல்கிறேன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை படக்குழுவுக்கு மட்டும் ஒரு காட்சி போட்டார்கள். அது முடிந்ததும் சரசு அவளை என்னிடம் கூட்டிவந்தாள். பையிலிருந்து ஆமையை எடுத்தேன். துணியும் தோலும்தான் என்று பிரித்துக் காட்டுவதாகத்தான் இருந்தேன். ஆனால் கை தானாக உள்ளே போயிற்று. இமை திறந்தது. ருக்குவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுற்றி நின்றவர்கள் செல்போனில் பிடிக்கத் தொடங்கினார்கள். சரசு வேண்டாமென்று தலையாட்டினாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் குரல் எழும்பவில்லை.

"எங்கப்பாவப் பாக்கணும். எப்டி வர்றது?"

அந்த இடத்தில் ஒரு கலைஞன் பாத்திரத்தைக் கைவிட முடியாது. ஆமை அவள் காதருகே போயிற்று.

"அல்சூர் ஏரிக்கு வா. படியில எறங்கிக் கூப்புடு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அது யாருடைய செல்போனிலோ பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ருக்கு வீட்டுக்குப் போகவில்லை. ஏரிப் படியில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தாளாம். ஆட்கள் ஓடிவந்தபோது காலம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சரசு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளகிட்ட என்னா சார் சொன்னீங்க?"

அவள் கையை விலக்கிவிட்டு வந்துவிட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் ஆமை.