பல் குழிக்குள் வைத்த துணி

ஜெலாப்பாங் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவன் அன்று காலையில் பல் பிடுங்கியிருந்தான். வலித்தால் வாயை மூடிக்கொண்டு வரவேண்டியதுதானே. கூட்டாளியிடம் பஸ் முழுக்கக் கேட்கும்படி புலம்பினான்.

"மச்சான், பல்லு இருந்த குழியில டாக்டர் ஒரு துணி வச்சிருக்காரு. ரத்தத்த நிறுத்திட்டு, அதுவே கரைஞ்சு உடம்போட கலந்துருமாம்."

"நல்லதுதானே லா."

"நான் காவடி விரதத்துல இருக்கேன். அது சைவமா?"

"எதுல செஞ்சதுன்னு கேட்டியா?"

"பஞ்சுன்னாரு."

"பஞ்சு செடியில காய்க்குது. சைவம்தான்."

"ரத்தம் குடிச்சிருக்கே?"

"உன் ரத்தம்தானே. அது அசைவம்னா நீ பொறந்ததுலேர்ந்து அசைவம்."

நாலு ஸ்டாப்புக்கு இதே பேச்சு. எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

"விரதம் கெட்டா அலகு குத்த முடியாது. புள்ளைக்கு வேண்டிக்கிட்ட காவடி. தோண்டி எடுத்துடுறேன்" என்று விரலை வாய்க்குள் விட்டான்.

"கைய எடு, ரத்தம் கொட்டும். வாயத் திற, கரைஞ்சிருச்சான்னு பாக்குறேன்."

திறந்தான். கூட்டாளி அவன் தாடையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நிதானமாகப் பார்த்தான்.

"துணி இன்னும் இருக்கு. அது சைவம். பக்கத்துப் பல்லுல ஒரு நெத்திலி தலை இருக்கே, அது எந்தச் செடியில காய்ச்சுது?"

மூடிய வாயை அவன் ஜெலாப்பாங் வரைக்கும் திறக்கவில்லை.