'வீட்டோட வாங்க' டாக்டரம்மா

மேடையில் இருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, டாக்டரம்மாவின் கணவரே, அவர் பிழைக்க வைத்த பிள்ளைகளே, பெற்றோர்களே, வணக்கம்.

டாக்டரம்மாவுக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் பள்ளி வாத்தியார் நான். மனதில் துயரம் பாதி, பயம் பாதி.

கல்லூரியில் படித்தபோது என் மகள் அடிக்கடி மயங்கி விழுவாள். "சாப்பிடாம ஓடினா இப்படித்தான்" என்பாள் என் மனைவி. டாக்டரம்மா மட்டும் வேறொன்று கேட்டார்.

"விழுறதுக்கு முன்னாடி என்ன சத்தம் கேட்டுதும்மா?"

"அலாரம், டாக்டர். ஒரு தடவை போன்."

அவர் முகம் மாறியது. உடனே இ.சி.ஜி. எடுத்தார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "சார், ஒரு வகுப்பு முடிஞ்சு பசங்க அடங்குறதுக்குள்ள அடுத்த மணி அடிச்சா என்ன ஆகும்? ஒரே கூச்சல்! இவ இதயம் அடங்க நேரமாகுது. திடுக்கிட்டா தாளம் தப்பும். நின்னும் போகலாம்."

ஓடியாடும் பெண்ணுக்கு! இந்த வயதில்!

மாத்திரை கொடுத்தார். தாளம் தப்பினால் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் சிறு கருவியை நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்தார். அது ஒருமுறை வேலை செய்தது. அதனால்தான் என் மகள் இதோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தோடு விட்டாரா? ஒருவர் விழுந்தால் குடும்பத்தையே படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார். 'வீட்டோட வாங்க' டாக்டர் என்ற பெயர் சும்மாவா வந்தது? "வாத்தியார் பாஸ்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். என் மனைவிக்கு அதே கோளாறு இருந்தது. "மகனுக்கும் இருக்கலாம் சார், பாதிக்குப் பாதி."

மகன் லாரி ஓட்டுகிறான். "இருக்குன்னு தெரிஞ்சா யாருப்பா வண்டி தருவா?" என்றான். டாக்டரம்மாவே அவனுக்குப் போன் செய்தார். "தம்பி, நீ வர்றியா, இல்ல நான் மெஷினைத் தூக்கிட்டு உன் லாரிக்கு வரட்டுமா?" சிரித்துவிட்டு, வருவதாகச் சொன்னான். அந்த நாள் வருவதற்குள் அவர் போய்விட்டார். "அவங்களே இல்ல, இனி என்னப்பா" என்கிறான்.

அவரோடு ஆபத்தும் போய்விட்டதா? அவன் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் தெருமுனை வரை பின்னாலேயே போய் நிற்கிறேன்.

அவருடன் வேலை பார்த்த மருத்துவர் இன்றே இ.சி.ஜி. எடுக்க இங்கே பக்கத்து அறையைத் திறந்தே வைத்திருக்கிறார். பெற்றோர்களே, டாக்டரம்மாவுக்கு நாம் தரும் வாக்கு இதுவாக இருக்கட்டும்: ஒரு பிள்ளையையும் பரிசோதிக்காமல் விட்டுவைக்க மாட்டோம். நான் காப்பாற்ற வேண்டிய வாக்கு கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறது.

கண்ணா, ஊர் முன்னால் சொல்கிறேனென்று கோபித்துக்கொள், பரவாயில்லை. வேலை போனால் வேறு வேலை தேடுவோம். பயமாக இருக்கிறதா? எனக்கும்தான்ப்பா. எழுந்திரு.

எழுந்துவிட்டான். அவனுக்குக் கொஞ்சம் வழி விடுங்கள். நானும் கூடப் போகிறேன்.