பதினாறு படத்துலயும் நானே

...நூறு பொம்பள ஊர்வலம் போனோம், பியூன் சார். நூறு பேருல உங்க முனிசிபால்டி ஆபீசுக்கு இந்தக் குஞ்சம்மா மூஞ்சிதான் கெடச்சுதா? பக்கத்துக் கடை கமலவேணி எனக்கு மின்னாடி நின்னு கத்துனா. அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு மட்டும் காயிதம், மைப்பொட்டி. நில்லுங்க, கட்டைவெரலு எங்கியும் ஓடிப் போயிடாது. கையெல்லாம் கருவாட்டு உப்பு, தொடச்சிக்கிறேன்.

பேப்பர்ல வந்த படத்துல இருக்கறது நான் இல்ல, ஊர்வலமும் எனக்குத் தெரியாது... இதான எழுதியிருக்குது? வெரல வச்சா என் எடம் எனக்கு. வைக்கலன்னா நாளைக்கிக் காலையில என் கடைப் பலகையத் தூக்கிடுவீங்க. பேரம் பேச வந்த ஆளப் பாரு. யாருகிட்ட?

நாங்க என்னாங்க கேட்டோம்? கருவாட்டு வரிசைய ஆத்துக்கு அந்தாண்ட தள்ளாதீங்கன்னோம். நாத்தமாம். கொழம்பு கொதிக்கறப்ப மட்டும் மணக்குதா? நாலு நெத்திலிக்கு எவன் பஸ்ஸு ஏறி அரியாங்குப்பம் வருவான்? பத்து வயசுல வீராம்பட்டினத்துலேர்ந்து கூடை தூக்குனவ நான். இந்த ரெண்டு முழ எடத்த சண்டை போட்டுப் புடிச்சவ. எழுவத்தொம்போதுல பாண்டிச்சேரிய மெட்ராசோட சேக்கப் போறாங்கன்னு ஊரே கொந்தளிச்சப்பகூட தராச கீழ வைக்கல.

ஊர்வலத்துக்கு மறுநா உங்க ஆபீசரு என்னா சொன்னாரு? அது ஊர்வலமே இல்ல, மார்க்கெட்டுக்கு வந்த கூட்டம்னாரு. நூறு தொண்டை கிழிஞ்சது காத்தோட போச்சி. அப்பறம் மெட்ராசு பேப்பர்ல படம் வந்துச்சி பாருங்க. வாயி ஆன்னு, கை மேல, பின்னாடி மணிக்கூண்டு, மங்கலா தலை தலையா பொம்பளைங்க. அன்னியோட தள்ளற பேச்சு நின்னுது. இப்ப உங்காளுக்கு அந்தப் படம் பொய்யாவணும். அதுக்குத்தான் என் வெரலு.

சிரிக்காதீங்க. எல்லாம் ஜானகிராமனால. கண்ணாலத்துக்குப் படம் புடிக்கிற ஆளு, எங்க சங்கத்துக்காக சும்மா வந்தாரு. ரோலுல பாதி கண்ணாலத்துக்கே போயிட்டுது, மிச்சம் பதினாறுதான், எல்லாரும் தெரியற மாதிரி எடுக்கறேன்னு மாடிமேல ஏறி நின்னாரு. ஏறுனவரு ஏன் எறங்குனாருன்னு கேளுங்களேன். கேக்க மாட்டீங்களா? நானே சொல்றேன்.

நாந்தான் எறக்குனேன்.

ஸ்டுடியோவுல போயி நிக்க எனக்கு எந்தக் காலத்துல நேரம் இருந்துச்சி? என் கண்ணாலத்துக்கே படம் கெடையாது. ஒரு கூடை நெத்திலி தரேன், கல்லு மண்ணு இல்லாதது, என்ன ஒண்ணு புடி சாமின்னேன். முடியாதுன்னாரு. வஞ்சிரத்துல ரெண்டு துண்டு சேத்தேன். எறங்கிட்டாரு. ஒண்ணு எடுத்தாரு. மூக்குத்தி இந்தப் பக்கம், இன்னொண்ணுன்னேன். கொண்டை சரிஞ்சிப் போச்சி, இன்னொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரம். ஊர்வலம் அது பாட்டுக்குப் போவுது, நான் கைய நீட்டிக் கத்திக்கிட்டே வெலை பேசறேன்... பிலிம் கழுவிப் பாத்தா பதினாறுலயும் நானே. கமலவேணி முழங்கை மட்டும் ஒண்ணுல வருது. ஒரு வாரமா அவ எங்கிட்ட பேசறதில்ல. முழங்கைய வச்சி ஆளு கண்டுபுடிக்க உங்க ஆபீசுல எவனுக்கும் துப்பு இல்ல. அதான் நேரா இங்க வந்துட்டீங்க.

நானா தேடிக்கிட்டது. கொண்டாங்க மைய.

இருங்க, இருங்க. காயிதத்தோட அந்தப் படத்தயும் குத்தி வச்சிருக்கீங்களே, கழட்டிக் குடுங்க. அட... மூக்குத்தி எப்பிடி மின்னுது பாருங்க. இந்த மூஞ்சியப் பாத்து நான் இல்லன்னு எந்த வாயால சொல்றது? நூறு பேரு போனதுக்கு இருக்கற ஒரே சாட்சி இது. இதுவும் இல்லன்னு வெரல வச்சிட்டா அந்த முழங்கைக்காரிகிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்?

வைக்க மாட்டேன், போங்க. நாளைக்கிப் பலகையத் தூக்குங்க. தூக்கறப்ப ஜானகிராமன் மாடிமேலதான் நிப்பாரு, புது ரோலோட. நெத்திலி கெடையாது, வஞ்சிரம் கெடையாது, எறங்கவே கூடாதுன்னு சொல்லிடறேன். கமலவேணி மொத வரிசையில நிக்கட்டும்.

கடைசி வெலை சொல்றேன், கேட்டுக்குங்க. காயிதத்த நீங்க எடுத்துக்குங்க, படத்த மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க. அரைக் கிலோ நெத்திலி கட்டித் தரேன். சரி, முக்கா கிலோ... ஏங்க, பியூன் சார், எங்க ஓடறீங்க? மைப்பொட்டி இங்கியே கெடக்குது.

படமும்தான்.