சந்தனம் ஒட்டாத கார்

ஈப்போவிலிருந்து செமோர் போகும் பஸ் கிளம்பித் தொலையவில்லை. உள்ளே வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்துச் சீட்டில் இரண்டு ஆண்கள். ஒருவன் சொன்னான்:

“சாமிக்கே என் காரு புடிக்கல மச்சான்.”

“ஏன்லா?”

“காரு பூசைக்குன்னு வேக்ஸ் பாலிஷ் போட்டுத் தேய் தேய்னு தேச்சேன். கண்ணாடி மாதிரி மின்னுச்சு. பூசாரி முன்பக்கம் பானட்டு மூடியில சந்தனத்த அப்புனாரு, வழுக்கிக்கிட்டு நம்பர் பிளேட்டுக்குப் போயிருச்சு. மறுபடி அப்புனாரு, மறுபடி போச்சு. அபசகுனம்னுட்டாங்க. பொண்டாட்டி அன்னையிலேருந்து ஏற மாட்டேங்குறா. அதான் பஸ்ஸு.”

“மடையா! சோப்புப் போட்டு வேக்ஸ கழுவிட்டுப் பொட்டு வைலா.”

“கழுவுறதா? கை வீங்கிப்போச்சு மச்சான் எனக்கு! அவ பஸ்லயே வரட்டும்.”

முன்சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த கார்க்காரனின் மனைவி திரும்பினாள். நண்பனைப் பார்த்துத்தான் பேசினாள்.

“சாமிய ஏன் அண்ணே இழுக்குறாரு? இவனப் பெத்துப் படுத்திருந்தேன். இடுப்புக்குக் கொஞ்சம் தைலம் தேச்சு விடுங்கன்னு அழுதேன். கை வலிக்குதுன்னாரு. சந்தனம் ஒட்டுனாலும் நான் ஏற மாட்டேன். அந்தக் காரோடயே குடும்பம் நடத்தச் சொல்லுங்க.”