சேலை மூட்டைகளும் ஒரு கதிரையும்

"குத்திட்டான்! படுங்கோ!"

படுக்கிறேன். நெஞ்சு தரையில். காதுச் சவ்வு கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் யோகம் அக்கா. கத்தியது அவர்தான். மூட்டைகளுக்குப் பின்னால் இன்னும் மூன்று தமிழ்ப் பெண்கள் குப்புறக் கிடக்கிறார்கள். "டும்" என்று கேட்டது. அது செல், எறிகணை, குத்திப் புறப்படும் சத்தம். அடுத்துக் கூவல் வரும். பிறகு வெடிக்கும். காத்திருக்கிறோம்.

கூவல் வரவில்லை. கைதட்டல் வந்தது.

இது முள்ளிவாய்க்கால் இல்லை. டென்மார்க்கின் சில்க்போர்க். என் கண்காட்சியின் முதல் நாள். மே மாதம், நண்பகல். வெளியே ஒரு லொறியின் இரும்புக் கதவு விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். நாங்கள் நடித்துக் காட்டினோம் என்று மண்டபத்து டேனிஷ்காரர்கள் நினைத்துவிட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போர் முடியும் மாதத்தில், பங்கர்க் குழியைச் சுற்றி மூட்டை அடுக்க எங்களிடம் மண் இருந்தது. சாக்கு இல்லை. சேலைகளை வெட்டினோம். மாமி, கணவரின் தாய், கைமெஷினில் தைத்தார். முதலில் நூல் சேலை. பிறகு பட்டு. கடைசியாக என் கல்யாணக் கூறைச் சேலை. கணவர் சிவநேசன் மண் அள்ளினார். மகள் கயல் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, சரிகை மூட்டை என்ர தலைமாட்டுக்கு."

ஏழு வயது.

அந்தச் சுவரைத்தான் இங்கே மறுபடி அடுக்கினேன். சேலைகள் டென்மார்க்கில் இருக்கும் எங்கள் பெண்கள் தந்தவை. யோகம் அக்காவும் முள்ளிவாய்க்காலிலிருந்து தப்பி வந்தவர். தான் இருக்கும் பிரெடெரிசியா நகரிலிருந்து தன் கூறைச் சேலையைக் கொண்டுவந்தார்.

"அக்கா, இதை என்னெண்டு வெட்டுறது?"

"அங்க வெட்டேல்லையோ? வெட்டு."

மூட்டைகளின் மேல் ஒரு கதிரை வைத்தேன். பெரிய அதிகாரிகள் உட்காரும் சுழல் கதிரை. குப்பை சேர்க்கும் இடத்தில் கிடந்தது. பின்னால் பழைய தகரத்தில் வெறும் வானம் தீட்டினேன். செல் அடிக்கச் சொன்னவனின் முகத்தை நாங்கள் காணவில்லை. அவன் இருந்த இடத்தையாவது காட்டவேண்டும். கதிரை இல்லாவிட்டால் அது வெறும் வண்ணத் துணி.

மண்டபப் பொறுப்பாளர் ஓடி வந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சனிக்கிழமையும் இதைச் செய்வீர்களா? அந்தக் கதிரைகூடத் தேவையில்லை. நீங்கள் படுத்ததே போதும்."

முடியாது என்றேன். கதிரையைத் தொடவேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை போகிறேன். மேலே கதிரை இல்லை. நடையில் இருக்கிறது. காவலாளி அதில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறார். மூட்டைகளுக்கு முன்னால் இரண்டு பேர் படம் எடுக்கிறார்கள். நிறங்கள் எவ்வளவு அழகு என்கிறார்கள்.

ஆனபடியால் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் பங்கரில் நான்கு பேர் இருந்தோம். செல் விழுந்தது காலையில். சிவநேசன் இல்லை. மாமி இல்லை. கயல் இல்லை. மூவரையும் அதே மூட்டை மண்ணால் மூடினேன். கூறைச் சேலை கயலோடு போனது. நான் மிச்சம்.

கதிரைக்கு ஒரு கீறலும் இல்லை.