ரெண்டு நுனிக்கும் ஒரே பேரு

பூதலிங்கம்: ...ஆழ்வார்திருநகரியில தொட்டி நெறஞ்சு தண்ணி தெருவுல ஓடுது. மோட்டாரு நிக்கவே இல்லங்கான், வாங்குனவன்! மோட்டார நிறுத்த நாம செஞ்சு குடுத்த போர்டு என்னத்த புடுங்குச்சு?

மகேஸ்வரன்: தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல வயரே சேரல அண்ணாச்சி. நாம கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படத்துலயே சேரல.

பூதலிங்கம்: எட்டு வயருலே! எட்டும் எப்படி அந்து போவும்?

வேணி: அந்து போவல சித்தப்பா... பேரு மாறிப் போச்சு.

பூதலிங்கம்: பேரு மாறுனா வயரு எங்கன போவும்? ஒரு எழவும் வெளங்கல.

மகேஸ்வரன்: இந்தப் படத்துல வயருக்குக் கோடு இழுக்க வேண்டாம்லா. என் தொட்டித் தாள்ல ஒரு நுனி, வேணியோட மோட்டார் தாள்ல ஒரு நுனி. ரெண்டுக்கும் ஒரே பேரு அடிச்சா, ஒரே வயருன்னு அதுவே எடுத்துக்கிடும்.

பூதலிங்கம்: பேரு போடுதது தெரியும்லே. அவனவன் செஞ்ச பகுதிக்கு அவனவன் பேரயே போடுங்கன்னு சொன்னதே நான்தான? எவன் தப்புன்னு தெரியணும்லா!

வேணி: ஒருக்க அடிச்சா மிச்சம் ஏழுக்கும் அதுவே நம்பர் போட்டுக்கிடும் சித்தப்பா. அதான்... மொதல்ல ஒண்ணு தப்புனா எல்லாம் தப்பிரும்.

பூதலிங்கம்: தொட்டிப் பகுதி மகேசு செஞ்சது. அவன் தாள்ல மகேஷ் ஒண்ணு, மகேஷ் ரெண்டுன்னு சரியாத்தான் இருக்கு. நீ என்னட்டி அடிச்ச?

மகேஸ்வரன்: என் தப்பு அண்ணாச்சி. நான்தான் பாக்கல.

வேணி: இல்ல, என் தப்பு...

பூதலிங்கம்: என்ன, ஏலம் போடுதியளா? ஏட்டி, சாயங்காலம் கல்லிடைக்குறிச்சிக்காரங்க ஒன்னப் பொண்ணு பாக்க வாராக. ஒங்கப்பா போன் மேல போன் போடுதாக. சட்டுனு அந்தத் தாளத் தெற.

வேணி: நானே மாத்திக்கிடுதேன். நீங்க வீட்டுக்குப் போங்க...

பூதலிங்கம்: ஏன் இப்படி வேர்க்குது ஒனக்கு? ஏலே, நீ எதுக்கு முகட்டப் பாக்க? தெறட்டி!... இங்கிலீசுல என்னமோ... அ... வு... க. அவுக ஒண்ணு. அவுக ரெண்டு... எட்டும் அவுகயா? எவுகட்டி?

மகேஸ்வரன்: அண்ணாச்சி, நான் சொல்லுதேன்...

பூதலிங்கம்: நீ சும்மா இரிலே. எனக்குத் தல சுத்துது. ஏட்டி, போன மாசம் வரைக்கும் மகேஷுன்னுதான அடிச்ச? அந்த போர்டெல்லாம் நல்லா ஓடுதே!

வேணி: போன மாசம் வரைக்கும் அடிச்சேன்...

பூதலிங்கம்: செந்தூர் கோயிலுக்கு லீவு போட்டு போயிட்டு வந்ததுலேர்ந்தே நீ ஒரு மாதிரியாத்தான் இருக்க. சரி, விடு. அவன் பேர அடி. போர்டு ஓடட்டும். நீ போய் சேலை மாத்து.

மகேஸ்வரன்: தள்ளு வேணி, நான் அடிக்கேன்.

பூதலிங்கம்: கைய எடுலே! தப்பு பண்ணுனவதான் திருத்தணும். ம், அடி.

வேணி: வேற எந்தப் பேருன்னாலும் அடிச்சிருதேன் சித்தப்பா...

பூதலிங்கம்: அடிங்கேன்!

வேணி: தாலி கட்டுனவுக பேர நான் எப்படி சித்தப்பா அடிப்பேன்?