கைராசிக்காரருக்கு முதல் ஓட்டம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பெயிண்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். கால்மிதியைத் தூக்கி அடித்தகட்டைப் பார்க்க வேண்டும், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். உங்களுக்கும் பழைய கார் ஆசை உண்டென்று ஏட்டையா சொன்னார். அதனால் சொல்லி வைக்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

என் பெயர் வேலுமணி. மோகனூரில் கரும்பும் வாழையும் வைத்திருக்கிறேன். இந்தக் கார் வரும்வரை டிராக்டரைத் தவிர எதையும் ஓட்டியவனில்லை. கார் பைத்தியம் என் மகன் இனியனுக்குத்தான். அவன் போய்ச் சேர்ந்த பிறகு, ஆட்டையாம்பட்டியில் இறந்துபோன ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் பழைய பியட் கார் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுத்து வந்தேன். ஈவிரக்கம் இல்லாதவன் என்று ஊர் இனி என்னைப் பேசும், அதனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது என் மனசில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நாமக்கல் லாரிப் பட்டறை மெக்கானிக் மயில்சாமி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுப்பார். எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுக்கச் சொன்னார். அப்படிச் செய்தும் முதல் தடவை கார்புரேட்டரை மாட்டியபோது ஒரு ஸ்பிரிங் மிச்சமாகிவிட்டது. என் மனைவி செல்லாயி அதைப் பார்த்துச் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒருநாள் மயில்சாமி சொன்னார்: "எஞ்சினு அப்பறமுங்க. மொதல்ல பிரேக்கப் பாருங்க. ஓடாத வண்டியால ஆருக்கும் தொந்தரவில்லீங்க. முக்கியமா அந்தப் பழைய பிரேக் ஆயில மாத்திப் போடுங்க. சமதரையில ஒன்னுந் தெரியாதுங்க. மலையெறங்கறப்பச் சூடாச்சுன்னா பெடலு சும்மா உள்ள போயிருமுங்க."

அப்போதுதான் இந்தக் கார் எதற்காக என் வீட்டுக்கு வந்தது என்று எனக்குப் புரிந்தது.

நவநீதகிருஷ்ணனை உங்களுக்குத் தெரியும். என் மனைவி வழியில் தூரத்து மச்சான், ஏகப்பட்ட லாரிகளுக்குச் சொந்தக்காரர். தொழில் பழகட்டும் என்று இனியனை அவரிடம்தான் விட்டிருந்தேன். கடைசியாக லாரி ஓட்டிக்கொண்டு லைனுக்குப் போன காலையில் பையன் எனக்குப் போன் செய்தான். "பிரேக்கு சரியில்லைன்னு மாமாகிட்டச் சொன்னேனுங்கப்பா. 'ஒரு நடைதானே, போயிட்டு வா, வந்து பாத்துக்கலாம்'ங்கறாருங்க" என்றான். நானும் கரும்பு வெட்டு மும்முரத்தில் சரி சாமி என்று வைத்துவிட்டேன். தொப்பூர் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. டிரைவர் தூங்கிவிட்டான் என்று மச்சான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். காரியத்துக்கு வந்து, எல்லாம் விதி என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். அந்த இலையை எடுத்தவன் நான்.

அதன் பிறகு காரில் ஒரு குறை வைக்கவில்லை நான். ஒடுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்தினேன், கியர் பெட்டியைப் பிரித்துச் சேர்த்தேன், சேலம் பூராவும் அலைந்து பழைய கைப்பிடிகள் தேடி வாங்கினேன். பிரேக்கில் எல்லாவற்றையும் புதிதாக்கினேன், அந்த ஆயிலைத் தவிர; வடித்ததையே திரும்ப ஊற்றினேன். மாற்றிவிட்டேன் என்று மயில்சாமியிடம் பொய் சொன்னேன். அவரை இதில் இழுக்காதீர்கள். வாங்கி வைத்த புது டின் சீல் உடைக்காமல் மாட்டுக் கொட்டகைப் பரணில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மச்சானின் கைராசி எங்கள் பக்கத்தில் பிரசித்தம். பட்டறையிலிருந்து புது லாரி வெளியே வந்தால், பூஜை முடிந்ததும் முதல் ஓட்டம் அவர் ஓட்டித்தர வேண்டும் என்று நிற்பார்கள். கேட்டு மறுத்தால் வண்டிக்கு ஆகாது என்பதால் அவரும் மறுப்பதில்லை. என்ன வேலை இருந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அந்தப் பெருமைதான் எனக்கு வேண்டியிருந்தது.

கொல்லிமலைக் கோயிலில் பூஜை வைத்தேன். மலைக்கு நானே ஓட்டிப் போனேன், ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுச் சாவியை நீட்டினேன்.

"மச்சான், மொத ஓட்டம் உங்க கையாலதானுங்க. அடிவாரம் வரைக்கும் எறக்கிக் குடுங்க."

"அதுக்கென்னங்க மாப்ளே, ஜம்முனு எறக்கிக் குடுத்தர்றேன்" என்றார்.

அவருடைய மகள் கிருத்திகாவும் வந்திருந்தாள். இனியன் செத்தபோது அந்த வீட்டிலிருந்து வந்து மனசார அழுதது அவள் ஒருத்திதான், செல்லாயியின் மடியை விட்டு எழவே இல்லை. அந்தப் பெண் முன் கதவைத் திறந்துகொண்டு கேட்டாள்: "மாமா, நானும் இதுலயே வாரேனுங்க. இந்த மாதிரி கார்ல நான் போனதே இல்லீங்க."

இறங்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காரணம் கேட்பார்களே சார், என்ன சொல்வது? அத்தனை நாள் உழைப்பும் வீணாகிவிடும். நான் கதவை நன்றாகச் சாத்தினேன், அந்தக் கதவு கொஞ்சம் மக்கர் செய்யும். "ஒரு நடைதானே சாமி, போயிட்டு வா" என்றேன்.

மச்சானுடைய புதுக் காரில் அவருடைய டிரைவரோடு பின்னால் வந்தேன். முதலில் ஒவ்வொரு வளைவிலும் பியட்டின் பின்னால் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. பிறகு அணையாமல் எரிந்தது. வண்டி மட்டும் வேகம் எடுத்துக்கொண்டே போனது. எங்கள் டிரைவர் கத்தினான், நான் கத்தவில்லை. தடுப்புச் சுவர் உடைந்த இடத்தை நீங்களே பார்த்தீர்கள்.

செல்லாயி இப்போது அவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள், கிருத்திகாவின் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்கள் சொல்லாமல் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் செய்ததை நானே ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, சார். பிரேக் பிடிக்காது என்று தெரிந்தே, அடுத்த வீட்டுப் பிள்ளையை வண்டியில் ஏற்றி அனுப்ப அந்த மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.